பழைய எஸ்யூவியும் பவர் ஸ்டியரிங்கும்: டர்பனில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அத்தையையும் மகளையும் ஏற்றிக்கொண்டு க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். வளைவில் ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. இரண்டு கையாலும் இழுத்துத்தான் வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். 7 வருடம் ஓடிய எஸ்யூவி அது. நான் வாங்கி 9 வாரம்தான் ஆகியிருந்தது.

விற்ற இடத்தில் பார்த்துவிட்டு, ரேக் (ஸ்டியரிங்கின் திருப்பலை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) போய்விட்டது, 38,000 ராண்ட் ஆகும் என்றார்கள். உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது. பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் பட்டையைக் கடல் உப்பு அரித்திருந்தது. புதுப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 900 ராண்டுக்குள் வேலை முடிந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் சாட்ஸ்வர்த்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம் தேவாரமும் சில வீட்டுச் சொற்களும்தான். எல்லோரையும் போல நானும் அவரை அங்கிள் என்றே கூப்பிடுகிறேன். அன்று பானட்டைத் திறந்ததும் அவர் சொன்னது: "பெரிய சாமானை அப்புறம் பாரு மா. முதல்ல கரன்ட் வருதா பாரு." அதற்குப் பிறகு தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஓடும்போதே ஸ்டியரிங் கனத்துவிட்டால் அந்த நிமிடம் என்ன செய்வது?

பயம் வேண்டாம். உங்கள் கைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டு இருக்கிறது, அது அறுந்துவிடவில்லை. நின்றுபோனது கைக்குக் கிடைத்துவந்த உதவி மட்டும். பலம் கொடுத்துத் திருப்பினால் வண்டி திரும்பும்.

இரண்டு கையாலும் பிடியுங்கள். அபாய விளக்கைப் போடுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இடப்பக்க ஓரத்துக்கு முன்கூட்டியே நகரத் தொடங்குங்கள். முன்கூட்டியே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வேகமாகப் போகும்போது ஸ்டியரிங்குக்குப் பெரிய உதவி தேவைப்படாது. வேகம் குறையக் குறையத்தான் கனம் கூடும். 80 கிலோமீட்டரில் சமாளித்தவர், 15 கிலோமீட்டரில் ஓரம் கட்டும்போது கை ஓடாமல் திகைத்துப்போவார்.

வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை அணைக்கவே கூடாது. ஸ்டியரிங் பூட்டு விழுந்துவிட வாய்ப்புண்டு. பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் எஞ்சினை நம்பித்தான் இருக்கிறது. எஞ்சினே நின்றுபோயிருந்தால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். சேமிப்பில் இருக்கும் உதவி ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டியரிங் கனத்த அதே நேரத்தில் பேட்டரி விளக்கும் எரிந்து, வெப்பமானி முள்ளும் ஏறினால், பெல்ட் அறுந்திருக்கிறது என்று பொருள். பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங் பம்ப், பேட்டரியை சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. "கனமாகத்தானே இருக்கிறது, வீடுவரை ஓட்டிவிடுவோம்" என்று நினைத்தால் எஞ்சின் கொதித்து அதன் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிடும். அப்போது ஸ்டியரிங் செலவு அதன் பக்கத்தில் சில்லறையாகத் தெரியும்.

என் வண்டியில் இருப்பது எந்த வகை பவர் ஸ்டியரிங்?

பானட்டைத் திறந்து பாருங்கள். மூடியில் ஸ்டியரிங் படம் போட்ட சிறிய ஆயில் டப்பா இருந்தால் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தால் உதவும் வகை. டப்பாவும் இல்லை, ஆயில் குழாயும் இல்லை என்றால் எலெக்ட்ரிக், மின் மோட்டாரால் உதவும் வகை. டப்பா இருந்தும் பம்பை பெல்ட்டுக்குப் பதில் மின் மோட்டார் சுற்றினால் அது இரண்டும் கலந்த வகை. அதில் ஆயில் கோளாறும் வரும், மின் கோளாறும் வரும். கடந்த பத்துப் பதினைந்து வருடத்து நகர எஸ்யூவிகளில் பெரும்பாலும் எலெக்ட்ரிக். பக்கியின் (பின்னால் திறந்த பிக்கப் வண்டியின்) சட்டகத்தில் கட்டிய பெரிய எஸ்யூவிகளில் ஹைட்ராலிக் நீண்ட காலம் தொடர்ந்தது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டறைக்குப் போகாதீர்கள். ஃபீனிக்ஸில் இருக்கும் தோழி ஒருத்தியின் எலெக்ட்ரிக் வண்டிக்கு "பவர் ஸ்டியரிங் ஆயில் மாற்றியது" என்று பில் போட்டிருந்தார்கள். அந்த வண்டியில் ஆயிலே கிடையாது.

ஹைட்ராலிக் வண்டியில் முன்னறிவிப்பு ஏதாவது இருக்குமா?

இருக்கும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். கேட்பதற்கு நமக்குப் பொறுமை வேண்டும்.

முதலில் வருவது முனகல். காலையில் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பும்போது "ம்ம்ம்ங்" என்று ஏறி இறங்கும் ஒரு சத்தம். ஆயில் குறைந்து பம்ப் காற்றை இழுக்கிறது என்பதே பெரும்பாலும் அதற்கு அர்த்தம். டப்பாவைத் திறந்தால் ஆயில் நுரைத்திருக்கும். ஆயில் தானாகக் காய்ந்து குறைவதில்லை. மூடிய சுற்று அது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்புவதோடு நிற்காமல் ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. அழுத்தக் குழாயில் ரப்பரும் இரும்பும் சேரும் வளையம் ஒன்று. டர்பனில், அதுவும் ப்ளஃப், உம்லாங்கா பக்கம் கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் இந்த வளையம்தான் முதலில் துருப்பிடிக்கும். அடுத்து பம்பின் தண்டில் இருக்கும் சீல். மூன்றாவது, ரேக்கின் இரு முனையிலும் துருத்தி போல இருக்கும் ரப்பர் உறை. அங்கிள் எனக்குக் காட்டிய வழி எளிது: எஞ்சினை அணைத்துவிட்டு அந்த உறையைக் கையால் அமுக்கிப் பாருங்கள். காற்று மட்டும் இருந்தால் மெத்தென்று அமுங்கும். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக்கின் சீல் போய்விட்டது. தரையில் ஒரு சொட்டுக்கூட விழாமல் ஒரு டப்பா ஆயில் உறைக்குள் சேர்ந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

கிறீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டும், அதை இறுக்கும் டென்ஷனரும் மலிவான சாமான்கள்.

ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பு ஆயில் பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் சூடு ஏறி ஏறிக் கெட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி அப்படியே அழுத்திப் பிடிப்பது இதற்கு ஒரு காரணம். பம்பின் முழு அழுத்தமும் போக வழியில்லாமல் பாதுகாப்பு வால்வு வழியாகச் சுற்றிச் சுற்றி ஆயில் கொதிக்கும். கோயில் வாசலில் கூட்ட நாளில் இடுக்கில் வண்டி நிறுத்தும்போது நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். எல்லை தட்டியதும் ஒரு விரல் அளவு திரும்ப விட்டுவிடுங்கள். ஐந்து நொடிக்கு மேல் அங்கே பிடித்து வைக்காதீர்கள்.

எந்த ஆயிலை ஊற்றலாம்? கடையில் "எல்லா வண்டிக்கும்" என்று விற்கிறார்களே?

டப்பா மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதை மட்டும். சில வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் போடும் சிவப்பு ஏ.டி.எஃப். ஆயில்; பல ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிறச் செயற்கை ஆயில்; சில ஜப்பானிய நிறுவனங்களுக்குச் சொந்த ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பியோ சுருங்கியோ போகும். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று விற்பது சீலை மென்மையாக்கி ஊதவைப்பது. கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். பழைய வண்டியை விற்க நினைப்பவருக்கு அந்தக் கொஞ்ச நாளே போதும் என்பதால்தான், வாங்கப் போகும்போது அந்த டப்பாவை நன்றாகப் பாருங்கள் என்கிறேன்.

எலெக்ட்ரிக் ஸ்டியரிங் திடீரென்று போகிறது, அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது. ஏன்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் வண்டிக்கு வந்ததும் இதே நோய்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே நடப்பது இது. ஸ்டியரிங் தண்டின் நடுவே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கிக்கொண்டது என்பதை டார்க் சென்சார் அளந்து சிறு கணினியிடம் சொல்லும். வண்டியின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கணினி மோட்டாருக்குக் கரன்ட் அனுப்பும். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒன்று சந்தேகத்துக்கு இடமாக நடந்தாலும் கணினி உதவியை நிறுத்திவிடும். தப்பான பக்கம் தள்ளுவதைவிடச் சும்மா இருப்பது மேல் என்பதற்காகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி சோதித்து, எல்லாம் சரியாகத் தெரிந்தால் உதவி திரும்பும். கோளாறு உள்ளேயேதான் இருக்கும்.

அந்த மோட்டார் பெரிய சாப்பாட்டுக்காரன். நின்ற இடத்தில் முழுக்கத் திருப்பும்போது பல வண்டிகளில் பல பத்து ஆம்பியர் இழுக்கும். ஆகவே கோளாறை மலிவான முனையிலிருந்து தேட வேண்டும், இந்த வரிசையில்:

பேட்டரி. இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 இருந்தால் பாதிதான். அடுத்து ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8க்கும் 14.5க்கும் நடுவே காட்டும். (புது வகை வண்டிகள் சில வேண்டுமென்றே ஏற்றி இறக்கும், அவற்றுக்கு ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும்.) பிறகு பேட்டரி முனைகளும் எர்த் பட்டையும். என் வண்டியில் பேட்டரி நன்றாகவே இருந்தது, ஆல்டர்னேட்டரும் நன்றாக இருந்தது. ஆனால் விளக்கு, ஏசி எல்லாம் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்தார் அங்கிள். கிட்டத்தட்டச் சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தெரிந்தது. அரித்த பட்டையிலேயே அத்தனையும் வீணாகியிருந்தது. வளைவில் மோட்டார் கரன்ட் கேட்டபோது கிடைக்காமல் கணினி கைவிட்டிருக்கிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் ஃபியூஸ், கனெக்டர், அப்புறம் சென்சார், கடைசியில் ரேக்.

இரண்டு விதிவிலக்குகள். நிறைய முறை முன்னும் பின்னும் திருப்பி நிறுத்திய பிறகு ஸ்டியரிங் கொஞ்சம் கனத்து, பத்து நிமிடத்தில் சரியானால், மோட்டார் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்கிறது, கோளாறு இல்லை. புது பேட்டரி போட்டதும் ஸ்டியரிங் விளக்கு எரிந்தால், பல வண்டிகளில் ஒருமுறை இடக்கடைசியிலிருந்து வலக்கடைசிவரை திருப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் அணைந்துவிடும். கோணத்தை அது மறுபடி கற்றுக்கொள்கிறது.

பட்டறையில் "ரேக் போச்சு, மாற்று" என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

எரர் கோடு (வண்டியின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு) எழுதிய தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் மாற்றாதீர்கள்.

சந்தையில் விற்கும் மலிவு ஓ.பி.டி. கருவிகள் (வண்டியில் செருகிக் கோடு படிப்பவை) பலவும் எஞ்சின் கோடுகளை மட்டும் படிக்கும். ஸ்டியரிங் கணினிக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். மின்னழுத்தம் குறைவு என்று ஒரு கோடு சொல்லும். ஸ்டியரிங் கணினியோடு தொடர்பு அறுந்தது என்று யு0131 சொல்லும். டார்க் சென்சார் தப்பு என்று வேறொன்று சொல்லும். டாஷ்போர்டில் எரிவது ஒரே விளக்கு. அதன் பின்னால் மூன்று வேறு நோய்கள், மூன்று வேறு செலவுகள். கோடுகளைக் குறித்துக்கொள்வதற்கு முன் அழிக்க விடாதீர்கள். அழித்துவிட்டால் சாட்சி போய்விடும்.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் செய்கின்றன. 2014இல் ஃபோர்டு வட அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரையிலான எஸ்கேப், மெர்க்குரி மரினர் எஸ்யூவிகளில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. டார்க் சென்சார் கோளாறால் ஓடும்போது ஸ்டியரிங் உதவி நின்றுவிடலாம் என்பது காரணம். வந்த வண்டிகளுக்கெல்லாம் ஒரே வைத்தியம் பார்க்கவில்லை. கணினியில் இருந்த கோடுகளைப் பார்த்து, சிலவற்றுக்கு மென்பொருள் மட்டும் புதுப்பித்தார்கள். சிலவற்றுக்கு சென்சாரோ ஸ்டியரிங் தண்டோ மாற்றினார்கள். 38,000 ராண்ட் கேட்பவரும் முதலில் கோடுகளைப் பார்க்கட்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

கனமாக இருந்தாலே பவர் ஸ்டியரிங்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். பிறகு, முன்னால் இருந்தவர் அழகுக்காக அகலமான டயர் மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்டியரிங் தண்டின் கீழே இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்து இறுகினால், திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது; சில இடத்தில் கனத்து சில இடத்தில் இளகும். பவர் ஸ்டியரிங் கோளாறு என்று இதைத் தப்பாக எண்ணிப் பணம் இழந்தவர்கள் உண்டு. டிராக்கன்ஸ்பெர்க் பக்கம் மண் சாலையில் அடிக்கடி போகும் வண்டியென்றால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் மூட்டுகளான டை ராட் எண்டும் பால் ஜாயின்ட்டும் தேய்ந்திருக்கும். பள்ளத்தில் "டக்" என்று கேட்கும்.

வாங்கப் போகும்போது ஸ்டியரிங்கை எப்படிச் சோதிப்பது?

காலையிலேயே போங்கள். "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முந்தின நாளே சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சுடுகிறதென்றால் ஏன் என்று கேளுங்கள்.

சாவியைப் போட்டதும் ஸ்டியரிங் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஏசி, விளக்கு, கண்ணாடி சூடாக்கி எல்லாம் போட்டுக்கொண்டு, நின்ற இடத்தில் இடமும் வலமும் முழுக்க மெதுவாகத் திருப்புங்கள். கையில் சீரான எடை தெரிய வேண்டும். நடுவில் எங்காவது தடங்கினாலோ, விளக்குகள் ரொம்ப மங்கினாலோ, முனகினாலோ குறித்துக்கொள்ளுங்கள். காலி மைதானத்தில் எட்டு போடுங்கள். பிறகு 100 கிலோமீட்டர் வேகம்வரை ஒரு நல்ல சாலையில்.

ஸ்கேன் பண்ணும்போது ஒரு நுணுக்கம். எஞ்சின் கணினியில் "சுய சோதனைகள் முடியவில்லை" என்று வந்தால், சமீபத்தில் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். காரணம் நல்லதாகவும் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து வந்து இன்னொரு முறை ஸ்கேன் பண்ணுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இந்த ஊரில் எஸ்யூவிக்குப் பஞ்சமில்லை.

ரோட்வொர்த்தி (சாலைத் தகுதி) சான்றிதழ் இருக்கிறதே, போதாதா?

போதாது. பெயர் மாற்றுவதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், 60 நாள் செல்லும். சோதித்த அன்று வண்டி சாலையில் ஓடத் தகுதியாக இருந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. வந்து போகும் மின் கோளாறு அன்று வராமல் இருந்திருக்கலாம். வாங்கியதும் 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படித் தெரியும்?

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசூலு-நாட்டாலில் பெய்த மழையை இங்கே இருந்தவர் யாரும் மறக்க மாட்டோம். 400க்கும் அதிகமான உயிர்கள் போயின. எத்தனையோ வண்டிகள் சேற்றில் கிடந்ததையும் பார்த்தோம். எலெக்ட்ரிக் ஸ்டியரிங்குக்குச் சேற்றுத் தண்ணீர் பெரும் பகை. ரேக்கில் இருக்கும் மோட்டாரும் கணினியும் வண்டியிலேயே தாழ்வான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. காய்ந்ததும் ஓடும், மாதங்கள் கழித்து கனெக்டர் ஊசிகள் பச்சை பூத்து ஒவ்வொன்றாகக் கோளாறு தரும்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் மண் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தின் திருகுகள் துருப்பிடித்திருக்கின்றனவா, ஸ்டெப்னி டயர் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிலையைச் சொல்லும் குறியீடும் ஒன்று உண்டு, எரர் கோடு வேறு. கோடு 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோடு 3 என்றால் சேதமாகித் திரும்பக் கட்டியது. ஆனால் காப்பீடு இல்லாமல் மூழ்கிய வண்டியைச் சொந்தக்காரரே காயவைத்து விற்றால் எந்தத் தாளிலும் தடயம் இருக்காது. கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும்.

திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்று பார்ப்பது அவசியமா?

கட்டாயம். 2017 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 1.6 லிட்டர் ஃபோர்டு கூகா 4,556 வண்டிகள், எஞ்சின் அதிகம் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அப்படி அழைக்கப்பட்ட வண்டி எதுவும், பழுது பார்க்கப்படாமலேயே நாலு கை மாறி உங்களிடம் வரலாம். வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்ணை) எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் எந்த டீலரிடமும் கேளுங்கள்; பாக்கி இருந்தால் இலவசமாகச் செய்ய வேண்டும். தேசிய நுகர்வோர் ஆணையமும் திரும்ப அழைப்புகளை வெளியிடுகிறது.

டீலரிடம் வாங்கினேன், மூன்று மாதத்தில் ஸ்டியரிங் போய்விட்டது. "பழைய வண்டி, நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள்.

அப்படிச் சொல்லிவிட முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008இன் 68ஆம் எண் சட்டம், பழைய பொருளுக்கும் பொருந்தும். அதன் 56ஆம் பிரிவின்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் பொருள் குறையுள்ளது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் திருப்புவதா என்பது வாங்கியவரின் சொல். பழுது பார்த்த 3 மாதத்துக்குள் அதே குறை தொடர்ந்தால் மாற்றித் தர வேண்டும் அல்லது பணம் தர வேண்டும்.

சட்டம் உங்களிடமும் சிலவற்றைக் கேட்கும். குறிப்பிட்ட குறையை முன்பே வெளிப்படையாகச் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் குறைக்கு வழக்காட முடியாது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் "ஸ்டியரிங் ஒழுகல் உள்ளது" என்பது போல எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று படியுங்கள். வயதுக்கேற்ற தேய்மானமும் குறையும் ஒன்றல்ல. ஏலத்தில் வாங்கிய வண்டிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

செய்ய வேண்டியது: போனில் சண்டை போடாதீர்கள், எழுதுங்கள். என்ன ஆயிற்று, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எரர் கோடு தாள், விளக்கு எரியும் படம். வேறு பட்டறையில் பிரித்துப்போடுவதற்கு முன் டீலருக்கு வாய்ப்புக் கொடுங்கள். இல்லையென்றால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். என் விஷயத்தில் நான் அவசரத்தில் எதையும் எழுதிக் கேட்கவில்லை. செலவு சிறியதாக முடிந்ததால் தப்பித்தேன். டீலர் மறுத்தால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில்துறை ஆம்பட்ஸ்மனிடம் (குறை தீர்ப்பாளரிடம்) புகார் கொடுக்கலாம். அவர்கள் முதலில் கேட்பது டீலரோடு நடந்த எழுத்துப் போக்குவரத்தைத்தான்.

தனியாரிடம் வாங்கினேன். "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால்?

இருக்கிற நிலையிலேயே என்று அர்த்தம். ஆப்பிரிகான்ஸ் வழி வந்த சொல். வண்டி வியாபாரம் செய்யாத ஒருவர் தன் வண்டியை விற்கும்போது மேலே சொன்ன சட்டம் பொருந்தாது, இந்தச் சொல் அவரைக் காக்கும். ஆனால் குறை தெரிந்தே ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்திருந்தால் காக்காது. அதை நிரூபிப்பது உங்கள் பாடு. அதனால் வாங்குமுன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டுவையுங்கள்: "அண்ணா, ஸ்டியரிங்ல ஏதாவது வேலை பார்த்திருக்கா? விளக்கு எரிஞ்சிருக்கா?" "இல்லை" என்று வரும் பதில் பிறகு மதிப்புள்ளது.

வெளிப் பட்டறைக்குப் போனால் வாரண்டி போய்விடும் என்கிறார்களே?

2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், வாரண்டிக் காலத்திலும் சுதந்திரமான பட்டறையில் சர்வீஸ் பார்க்க இடம் தருகின்றன. ஆனால் அந்தப் பட்டறை செய்த தவறால் கெட்ட பாகத்துக்கு வாரண்டி கேட்க முடியாது. பில், ஆயில் வகை, தேதி எல்லாம் வைத்திருங்கள். தனியாகப் பணம் கட்டி வாங்கும் வாரண்டிகள் வேறு. அவற்றில் ஸ்டியரிங் ரேக்குக்கு எவ்வளவு உச்சவரம்பு என்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

எந்த எஸ்யூவி வாங்கினால் தொல்லை இல்லை?

ஒரு பெயரைச் சொன்னால் நான் உங்களைத் தவறாக வழிநடத்துவேன். ஒரே மாடலில் ஒழுங்காகப் பார்த்த வண்டியும் உண்டு, பாழாக்கிய வண்டியும் உண்டு. முழு சர்வீஸ் புத்தகம் உள்ள, சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமான வண்டியை வாங்குங்கள். டீசல் என்றால் புகை வடிகட்டி இருக்கிறதா என்று கேட்டு, எந்த டீசல் போட்டார்கள் என்றும் கேளுங்கள். இங்கே 500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 500 பங்கு) கந்தக டீசலும் 50 பி.பி.எம். டீசலும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் கிடைக்கும். மலிவுக்காக 500 போட்டவரின் வடிகட்டி உங்கள் பணத்தில்தான் மாறும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

வயதான அப்பா ஓட்டும் வண்டியில் இந்த விளக்கு வந்து வந்து போகிறது. சரிசெய்யும்வரை அவர் ஓட்டலாமா?

கூடாது. உதவி நின்ற பெரிய எஸ்யூவியை மெதுவான வேகத்தில் திருப்ப நல்ல கைப்பலம் வேண்டும். மூட்டுவலி உள்ளவரால் ரோபோட்டில் (இங்கே சிக்னல் விளக்குக்கு அதுதான் பெயர்) வலப்பக்கம் திரும்பும்போது பாதியில் வண்டியைத் தேற்ற முடியாது. கோளாறு தெரிந்தே ஓட்டி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் "சாலைக்குத் தகுதியில்லாத வண்டி" என்று கைவிரிக்க இடமாகும். சாவியை வாங்கி வைத்துவிட்டு, அவர் போக வேண்டிய இடத்துக்கு நீங்கள் கூட்டிப் போங்கள். எங்கள் அத்தையும் அந்த ஃபீல்ட்ஸ் ஹில் மாலைக்குப் பிறகு பட்டை மாற்றிய பில்லைக் கண்ணால் பார்க்கும்வரை வண்டியில் ஏறவில்லை. அவர் செய்தது சரி.

நான் விற்கும்போது பழைய ஸ்டியரிங் கோளாறைச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். என்ன கோடு வந்தது, என்ன மாற்றினீர்கள், எத்தனையாவது கிலோமீட்டரில். என் கையுறைப் பெட்டியில் அந்த அரித்த எர்த் பட்டையும் பழைய ஸ்கேன் தாளும் ஒரு பையில் இருக்கின்றன. வண்டியோடு அதையும் கொடுப்பேன்.